தார்பாய்க் கடை சுஐபின் பேஸ்பால்

“இந்த ஆட்டத்த ஆடினா எங்க வூட்டுல உலை கொதிக்குமா பாய்?”

கல்வராயன் மலையிலிருந்து பேருந்து பிடித்து வந்த தங்கமணி, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் சுஐபின் தார்பாய்க் கடை வாசலில் நின்றுகொண்டே கேட்ட கேள்வி இது. ஸ்டூலை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. டீ சொல்லவா என்றதற்கும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். அவருக்குப் பதில் மட்டும் வேண்டும். அன்று இதே கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது. சுஐபுக்கும் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“கொதிக்கும்மா. கொஞ்சம் டைம் குடு.”

“இன்னும் இன்னா டைம்? திங்கக்கெழம காலையில கூலிக்கு ஆளேத்த மேஸ்திரி வண்டி வருது. குடகுப் பக்கம் இஞ்சி நடவு. எங்க ஊர்ல பாதி சனம் ஏறிப் போவுது. எங்க வூட்டுக்காரரு மட்டும் பந்த உருட்டிக்கினு ஒக்காந்துனுகீறாரு. கேட்டா, பாய் சொல்லியிருக்காருன்றாரு.”

“அப்ப ஞாயித்துக்கெழம நீயே வந்து ஆட்டத்தப் பாரு. பாத்துட்டு முடிவு பண்ணு.”

“கூட்டம் வரலன்னா?”

உள்ளே கயிறு அளந்துகொண்டிருந்த சுஐபின் மனைவி ஷர்புன்னிசா தலையைத் தூக்காமலே சொன்னார். “வரலன்னா இவரும் அந்த வண்டியிலதான் ஏறுவாரு. ஒரு சீட்டு சேத்துப் போடச் சொல்லும்மா.”

தங்கமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுஐபுக்கு வரவில்லை.

சுஐபுக்கு முப்பத்தாறு வயது. அப்பா ஷேக் தாவூது வைத்த கடை அது. கயிறு, சாக்கு, தார்பாய் விற்பனை. அறுவடைக் காலத்தில் தார்பாய் வாடகை. சுற்று வட்டாரத்தில் நெல்லோ மக்காச்சோளமோ காயப்போடுகிறவர்கள் வானம் கறுத்தால் முதலில் நினைப்பது சுஐபின் கடையைத்தான். தொழில் அப்படி என்பதாலோ என்னவோ, அவர் எதையும் மூடாமல் வைக்க மாட்டார். வண்டிக்கு உறை, மிக்சிக்கு உறை, ஃபோனுக்கு இரண்டு உறை. “என்னையும் மூடி வெச்சிடப் போறாரு, அதான் நான் நடமாடிக்கினே இருக்கேன்” என்று ஷர்புன்னிசா கேலி செய்வார்.

கல்லூரியில் படிக்கும்போது சுஐப் பல்கலைக்கழக பேஸ்பால் அணியில் பந்து பிடிப்பவராக இருந்தார். பட்டம் வாங்கியதும் கடை. ஆனால் ஆட்டம் விட்டுப் போகவில்லை. அமெரிக்காவில் இரவு ஆடும் ஆட்டம் நமக்குக் காலையில் தெரியும். கடை ஷட்டரைத் தூக்கி, ஃபோனைக் கயிற்றுச் சுருளின் மேல் சாய்த்து வைத்துவிட்டுத்தான் அவர் அன்றைய முதல் வியாபாரத்தையே பார்ப்பார். மற்றவர்கள் எத்தனை ரன் என்று பார்ப்பார்கள். இவர் பார்ப்பது, பின்னால் எத்தனை நாற்காலி நிறைந்திருக்கிறது என்பதை.

“ஒரு வருசத்துல ஏழு கோடிப் பேருக்கு மேல டிக்கெட் வாங்கிப் பாத்துருக்காங்க” என்பார், கயிறு வாங்க வந்தவரிடம்.

“ஏழு கோடியா? நம்ம தமிழ்நாட்டு சனம் அவ்ளோதான பாய் இருக்கும்? அப்டி இன்னாத்தப் பாக்குறாங்க?”

“ஒரு பந்து, ஒரு கட்ட.”

“அதுக்கா?”

“அதுக்குத்தான். பந்து வீசுறவன் பொழைக்கிறான், கடல விக்கிறவன் பொழைக்கிறான், பனியன் தைக்கிறவன் பொழைக்கிறான். அங்கயும் சில டீம் ஈ ஓட்டிக்கினுதான் கெடக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா மொத்தத்துல நல்லா நிக்குது.”

இப்படிச் சொல்லிச் சொல்லியே அவருக்கு ஆசை முற்றிவிட்டது. நம் ஊரில் ஏன் ஒரு ஆட்டக்காரன் ஆடியே பிழைக்கக் கூடாது? இந்த ஆசைக்கு உயிர் கொடுத்தவர் இளவரசன். தங்கமணியின் கணவர். போன வருடம் சுஐபின் கடைக்கு லோடு இறக்க வந்தவர். லாரி மேல் நின்றபடி கயிற்றுச் சுருளை எறிவார். அது மாடி ஜன்னலுக்குள் நேராகப் போய் விழும். ஒன்றுகூட சுவரில் படாது. அன்று சுஐப் லோடு கணக்கையே மறந்துவிட்டு, வீட்டுக்கு ஓடிப் போய்ப் பழைய பந்தை எடுத்து வந்தார். இளவரசன் அதை ஒரு முறை உருட்டிப் பார்த்துவிட்டு எறிந்தார். பிடித்த சுஐபின் உள்ளங்கை மூன்று நாள் சிவந்திருந்தது. அந்த மூன்று நாளும் அவர் அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

நோன்புப் பெருநாள் முடிந்ததும் வேலை தொடங்கியது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், உளுந்தூர்பேட்டை, கல்வராயன் மலை என்று நான்கு அணிகள். ஞாயிறு தோறும் ஒரு ஆட்டம். ஆடுகிறவருக்கு ஒரு நாள் கூலி, பேருந்துக் காசு, பிரியாணி. கச்சிராயபாளையம் சாலையோரம் அறுத்துப் போட்ட நிலம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்தார். ஓடும்போது தொட வேண்டிய நாலு தளங்களுக்கும் கடையில் இருந்த சாக்கில் மணல் நிரப்பி வைத்தார். கபடிப் போட்டிகளுக்கு மைக் பிடிக்கும் வீரமுத்துவை அழைத்து வந்தார். கடைசியாக, டிக்கெட் எடுக்காமல் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, மூங்கில் நட்டு, கடையில் இருந்த அத்தனை தார்பாயையும் கொண்டுபோய் நிலத்தைச் சுற்றிக் கட்டினார். ஆள் உயரத்துக்கு மேல் நீல வேலி. சாலையில் போகும் பேருந்தில் இருப்பவருக்குக்கூட உள்ளே ஒரு தலைமுடி தெரியாது.

“தார்பாயெல்லாம் வேலிக்குப் போயிட்டா வாடகைக்கு வர்றவங்களுக்கு நான் இன்னா குடுக்கிறது? என் துப்பட்டாவையா?” என்று ஷர்புன்னிசா கேட்டார்.

“டிக்கெட்டுல வந்துடும் ஷர்பு.”

வரவில்லை. முதல் ஞாயிறு ஆட்டக்காரர்களின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அடுத்த ஞாயிறு அவர்களும் வரவில்லை. உள்ளே இளவரசன் வீசிய பந்து விர்ரென்று போய்க் கையுறையில் மோதும் சத்தம் சாலை வரை கேட்டது. கேட்டவர்கள், உள்ளே ஏதோ கட்டட வேலை நடக்கிறது என்று போய்க்கொண்டே இருந்தார்கள். சுஐபோடு சேர்ந்து செலவு செய்த இரண்டு வியாபாரிகள் மெல்லக் கழன்றுகொண்டார்கள். அப்போதுதான் தங்கமணி கடை வாசலுக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. மலை அணிக்கும் உளுந்தூர்பேட்டை அணிக்கும் ஆட்டம். தங்கமணி முதல் ஆளாக வந்து, வேலிக்குள் காலி நாற்காலிகளின் நடுவில் உட்கார்ந்தார். சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். சுஐப் மைக் பக்கம் ஓடினார்.

“மைக்ல எதாச்சும் பேசுண்ணே” என்றார் வீரமுத்துவிடம்.

“யாருகிட்ட பேசுறது பாய்? இருக்கிற நாலு பேரு பக்கத்துலயே ஒக்காந்துக்கினு கீறாங்க. மைக்கே வேணாம்.”

ஆட்டம் பாதி தாண்டியிருக்கும். மேற்கே மலைப் பக்கம் வானம் திடீரென்று கறுத்துக்கொண்டு வந்தது. காற்று கிளம்பிப் புழுதி எழுந்தது. டிக்கெட் மேசையைத் தள்ளிக்கொண்டு பூமாலை உள்ளே வந்தார். பக்கத்து நிலத்துக்காரர். ஆட்ட நிலத்தை ஒட்டினாற்போல் இருக்கும் களத்தில்தான் அவருடைய மக்காச்சோளம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது.

“பாய், வியாழக்கெழம வந்து தார்பாய் கேட்டேன். ஸ்டாக் இல்லன்னு சொன்ன.”

“ஆமாங்க, எல்லாம் இங்க...”

“சுத்தி நிக்க வெச்சிக்கிறியே, இதுங்க இன்னா, மழைக்கு ஒதுங்குதுங்களா? என் சோளம் அத்தினியும் தரையில கெடக்குது பாய். நனைஞ்சா மொளச்சிடும். நான் எங்க போவேன்?”

சுஐப் வேலியைப் பார்த்தார். வேலியை அவிழ்த்தால் டிக்கெட் என்ற பேச்சே இல்லை. தங்கமணிக்குச் சொன்ன வார்த்தையும் அதோடு போயிற்று. மறுநாள் காலை வண்டியில் இளவரசன் ஏறிவிடுவார். இத்தனையும் அவர் மண்டைக்குள் ஓடிய அதே நேரத்தில் முதல் தூறல் அவர் மூக்கில் விழுந்தது. ஷேக் தாவூதின் மகன் அவர். மழை வரும்போது தார்பாயை மடக்கி வைத்துக்கொண்டு நின்ற பேர் அந்தக் கடைக்கு இதுவரை இல்லை.

“அவுருங்கடா” என்றார்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு இரண்டு அணியும் பாய்ந்தன. கயிறுகளை அறுத்து, தார்பாய்களை உருவி, தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு களத்துக்கு ஓடினார்கள். காற்றில் தார்பாய் உப்பி ஆளையே தூக்கப் பார்த்தது. இளவரசன் ஒரு முனை, உளுந்தூர்பேட்டை அணித் தலைவர் மறு முனை. பூமாலை நடுவில் நின்று, “அந்தப் பக்கம் இழு, கல்ல வெய், கல்ல வெய்” என்று இரண்டு அணிகளுக்கும் ஒரே பயிற்சியாளராக ஆகிவிட்டார். சோளம் மூடியாயிற்று. மழை நாலு தூறல் போட்டுவிட்டு, வந்த வழியே மலைக்குத் திரும்பிப் போய்விட்டது.

நிலத்தைச் சுற்றி இப்போது வெறும் மூங்கில்தான் நின்றது. சாலை தெரிந்தது. சாலைக்கு நிலம் தெரிந்தது.

“ஆடிடலாமா பாய்?” என்று சுஐபிடம் கேட்டார் இளவரசன்.

“ஆடுங்க. இனி இன்னா.”

இளவரசன் வீசினார். பந்து கையுறையில் மோதிய சத்தம் எழுந்தது. ஆனால் இந்த முறை அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. சாலையில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. முன்னால் ஒன்று நிற்பதைப் பார்த்து, என்னமோ ஏதோ என்று இரண்டாவது ஆட்டோவும் நின்றது. தூறலுக்கு டீக்கடையில் ஒதுங்கியவர்கள் கையில் கிளாசோடு நிலத்து ஓரத்துக்கு வந்தார்கள். வெள்ளிமலைக்குப் போகும் பேருந்து வேகத்தைக் குறைத்து, கடைசியில் நின்றேவிட்டது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள்.

“விக்கெட்டு எங்கப்பா?” என்று யாரோ கேட்டார்கள்.

வீரமுத்து மைக்கைப் பிடித்தார். காத்திருந்த மனிதர் அல்லவா, மடை திறந்த மாதிரி வந்தது. “விக்கெட்டெல்லாம் கெடையாதுண்ணே. அதோ நாலு மூலைல நாலு மணல் சாக்கு. அடிச்சுட்டு நாலையும் சுத்தி வந்துட்டா ஒரு ரன்னு. மூணு வாட்டி கோட்ட விட்டா வூட்டுக்குப் போவணும். அவ்ளோதான் ஆட்டம். பஸ்ல இருக்கிறவங்க எறங்கி வரலாம், டிரைவரண்ணன் கோச்சுக்க மாட்டாரு.”

உளுந்தூர்பேட்டைக்காரர் ஒருவர் பந்தை அடித்துவிட்டு, கிரிக்கெட் பழக்கத்தில் மட்டையோடு ஓடினார். “மட்டையப் போடு, மட்டையப் போடு” என்று கூட்டமே கத்தியது. ஐந்து நிமிடத்துக்கு முன் ஆட்டமே தெரியாத கூட்டம். சுஐப் அந்தக் கத்தலை நின்று கேட்டார். ஃபோனில் காலைதோறும் கேட்ட சத்தம் அது. இப்போது கச்சிராயபாளையம் சாலையில் கேட்கிறது.

கடைசிச் சுற்று. மலை அணி ஒரு ரன் பின்னால் இருந்தது. இரண்டு பேர் வெளியே போயாயிற்று; மூன்றாவது ஆளும் போனால் ஆட்டம் முடிந்தது. ஒருவர் இரண்டாவது சாக்கில் நின்றார். மட்டையோடு வந்தவர் இளவரசன். முதல் பந்தைக் கோட்டை விட்டார். இரண்டாவதையும் விட்டார். தங்கமணி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

மூன்றாவது பந்தின் சத்தமே வேறு மாதிரி இருந்தது. பந்து மேலே போனது. எல்லார் கழுத்தும் அதோடு திரும்பியது. அது மூங்கிலைத் தாண்டி, களத்தில் மூடியிருந்த நீலத் தார்பாயின் மேல் தொம்மென்று விழுந்து உருண்டது. உளுந்தூர்பேட்டை ஆட்டக்காரர் துரத்திக்கொண்டு போய்ச் சோளக் குவியல் மேல் காலை வைத்தார்.

“ஏறின, கால ஒடிச்சிடுவேன்” என்றார் பூமாலை.

“பந்துங்க, பந்து...”

“பந்துன்னா? சோளத்து மேல செருப்புக் காலோட ஏறுவியா?”

இங்கே இந்தப் பேச்சு நடக்க, அங்கே இரண்டாவது சாக்கில் நின்றவரும் அவர் பின்னால் இளவரசனும் சாக்கு சாக்காகச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டார்கள். உளுந்தூர்பேட்டை அணித் தலைவர் நடுவரிடம் போனார். சிக்சர் மாதிரி வேலியைத் தாண்டினால்தானே ஹோம் ரன், வேலியே இல்லையே என்றார். வீரமுத்து மைக்கிலேயே பதில் சொன்னார். “வேலி அதோ சோளத்து மேல படுத்து ரெஸ்ட் எடுக்குதுண்ணே. பந்தும் அது மேலதான் படுத்துக்கினு கீது.” கூட்டத்தோடு சேர்ந்து அந்தத் தலைவரே சிரித்துவிட்டார். நடுவர் மூங்கிலைக் கையால் காட்டினார். பந்து மூங்கிலைத் தாண்டிப் போனதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். மலை அணி ஜெயித்தது.

பூமாலை பந்தை எடுத்து வந்து சுஐபிடம் நீட்டினார்.

“வெச்சுக்கோங்க. அமெரிக்காவுல அடிச்ச பந்து யாரு கைக்குப் போவுதோ அவங்களுக்குத்தான் சொந்தம்.”

“எனுக்கு எதுக்கு பாய் இது, ஊறுகாயா போடுறது?” என்றவர், மைக் பக்கம் திரும்பினார். கபடியில் நன்றாக ஆடியவருக்கு மைக்கில் அன்பளிப்பு சொல்லும் பழக்கம் அவருக்கும் தெரியும். “எழுதிக்கோ. அந்தப் புள்ளைக்கு என் பேர்ல ஒரு மூட்ட மக்காச்சோளம்.”

வீரமுத்து அதை மைக்கில் சொன்ன சொல்லில் பூமாலைக்கே வெட்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வீரமுத்துவால் நிறுத்த முடியவில்லை. டீக்கடைக்காரர் தன் பேரைச் சொல்லச் சொன்னார். ஆட்டோக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேரைச் சொன்னார்கள். பேருந்து நடத்துனர் படியில் தொங்கியபடியே தன் பங்குக்குக் கையைக் காட்டினார். கள்ளக்குறிச்சியில் விதைக் கடை வைத்திருக்கும் ராமசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுஐபிடம் வந்தார்.

“பாய், இந்த மலைப் பசங்க பனியன்ல என் கடை பேரு போடுவியா?”

“போடலாம். ஆனா...”

“சீசன் முடியிற வரைக்கும் அவங்க கூலி என்னுது. பஸ்ல வர்றவன் போறவன் எல்லாம் பாக்குறான். நான் செவுத்துல எழுதுறதுக்கு இது எவ்ளவோ மேல்.”

ஆட்டக்காரர்கள் தார்பாய் ஒன்றை நாலு முனையிலும் பிடித்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வந்தார்கள். அதில் விழுந்த காசை எட்டிப் பார்த்துவிட்டு ஷர்புன்னிசா, “வாடகைக்கு வுட்டதுல இப்டி வந்ததில்லயே” என்றார். அன்று அவர் சொன்னதில் கேலி இல்லாதது அது ஒன்றுதான்.

சுஐப் தங்கமணியைத் தேடினார். அவர் இளவரசனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா சொல்ற?”

“ஒரு மூட்ட சோளத்துக்கு உலை கொதிக்கும் பாய். அப்புறம்? வூட்டுக்குப் போயி பேசிக்கிறோம்.” அவ்வளவுதான். இருவரும் மலைப் பேருந்தில் ஏறிவிட்டார்கள். மூட்டையும் கூடவே ஏறியது.

திங்கள் காலை சுஐப் வழக்கம்போல் ஷட்டரைத் தூக்கி, ஃபோனைக் கயிற்றின் மேல் சாய்த்தார். ஆட்டம் ஓடியது, மனம் அதில் இல்லை. பேஸ்பாலைப் பற்றி எதையோ தேடிப் படித்தார். அமெரிக்காவில் வானொலி வந்த புதிதில், ஆட்டத்தை வானொலியில் சொன்னால் யார் டிக்கெட் வாங்குவார்கள் என்று பயந்து சில அணிகள் அதைத் தடுத்து வைத்திருந்தன என்று போட்டிருந்தது. கேட்கக் கேட்கத்தான் கூட்டம் வரும் என்று பிறகுதான் அவர்களுக்குப் புரிந்ததாம்.

“அவங்களும் தார்பாய் கட்டிக்கினுதான் இருந்துருக்காங்க ஷர்பு” என்றார்.

ஃபோன் அடித்தது. தங்கமணி.

“பாய், மேஸ்திரி வண்டி கெளம்பிப் போச்சு.”

சுஐப் ஸ்டூலில் உட்கார்ந்தார். “சரிம்மா. நல்லபடியா போய் வரட்டும்.”

“யாரு போறது? இவரு இங்க குப்புறப் படுத்துக்கினு கீறாரு. நேத்து ஓடின ஓட்டத்துக்குக் காலு வலியாம். ஞாயித்துக்கெழமக்குள்ள சரியாயிடுமான்னு கேக்கச் சொன்னாரு.”

சுஐப் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். ஷர்புன்னிசா ஃபோனை வாங்கி, “எண்ணெய் தேச்சு சுடுதண்ணி ஊத்தும்மா. ஓட வுட்டவரு இங்க அழுதுக்கினு இருக்காரு” என்றார்.

தார்பாய்கள் இப்போது பழையபடி வாடகைக்குப் போகின்றன. கச்சிராயபாளையம் சாலையில் ஞாயிறு மதியம் மூங்கில் மட்டும்தான் நிற்கிறது. டிக்கெட் இல்லை, தார்பாய் சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம். மலை அணியின் பனியனில் விதைக் கடை பேர் இருக்கிறது. தங்கமணி வீட்டில் உலை கொதிக்கிறது. எல்லா ஞாயிறும் கூட்டம் ஒரே மாதிரி வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். பேருந்தில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொல்லுங்கள், டீக்கடையில் சொல்லுங்கள், விக்கெட் எங்கே என்று கேட்கக்கூடிய யாரிடமாவது சொல்லுங்கள்.